ஹலாலும் அல்லேலூயாவும் ஒரே வேர் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஆன்மிக இணைப்பின் சொல் விளக்கப் பகுதியில் அரபு, எபிரேயச் சமயச் சொற்களைப் பற்றி அண்மையில் வந்த சில வரிகள் குறித்து இதை எழுதுகிறேன். ‘ஹலால், அல்லேலூயா இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை’, ‘இஸ்லாம் என்றாலே அமைதி’, ‘நமாஸ் என்ற அரபுச் சொல்’, ‘இயேசு கடவுளை அப்பா என்று தமிழில் அழைத்தார்’. நான்குமே வாட்ஸ்அப்பில் சுற்றுபவை. அச்சில் ஏறிவிட்டால் ‘பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள்’ என்ற முத்திரையோடு மறுபடி அங்கேயே போய்ச் சேரும். அதனால்தான் பிழை எந்த இடத்தில் நுழைகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இடமில்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், எழுத்துகளைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவையுங்கள்.

தமிழில் ‘ஹ’ ஒன்றுதான், அதுவும் இரவல். அரபிலும் எபிரேயத்திலும் அந்த ஒலிக்கு இரண்டு எழுத்துகள். மூச்சைச் சும்மா விட்டால் வருவது ஒன்று. எபிரேயத்தில் அதன் பெயர் ஹே. தொண்டையை இறுக்கிக் காற்றை உரசவிட்டால் வருவது மற்றொன்று, அது ஹேத். அல்லேலூயாவில் இருப்பது ஹே. ‘ஹல்லெலூ’ என்றால் ‘புகழுங்கள்’, ‘யாஹ்’ இறைப்பெயரின் சுருக்கம். ஹலாலில் இருப்பதோ ஹேத்துக்கு இணையான அரபு எழுத்து. அந்த வேரின் அடிப்படைப் பொருள் முடிச்சை அவிழ்ப்பது. ஹஜ்ஜில் இஹ்ராம் என்னும் புனிதக் கட்டுப்பாட்டை ஏற்றவர் முடி களைந்து அந்தக் கட்டிலிருந்து வெளிவருவதைத் தஹல்லுல் என்பார்களே, அது இந்த வேர்தான். கட்டு அவிழ்ந்தது, அதாவது அனுமதிக்கப்பட்டது, ஹலால்.

அல்லேலூயாவுக்கு அரபில் சொந்தம் தேடினால் அது ஹிலாலிடம் கொண்டுபோய் விடும். பிறையைக் கண்டதும் மக்கள் குரலெழுப்புவதால் அதற்கு ஹிலால் என்று பெயர் வந்ததாக அரபு அகராதிக்காரர்கள் விளக்குவார்கள். ‘லா இலாஹ இல்லல்லாஹ்’ என்று உரக்கச் சொல்வதற்குத் தஹ்லீல் என்று பெயர். அதுவும் மென்மையான ஹ. ஹிலாலுக்கும் ஹலாலுக்கும் தமிழில் ஓர் இகரக் குறிதான் வித்தியாசம் என்று தோன்றும். அரபுக் காதுக்கு முதல் எழுத்தே வேறு.

எபிரேயத்தில் இது இன்னும் நெருக்கமாக வந்து இடிக்கிறது. ‘ஹில்லேல்’ என்று ஹே போட்டு எழுதினால் புகழ்ந்தான். அதே ‘ஹில்லேல்’ ஹேத் போட்டால் புனிதத்தைக் குலைத்தான். தமிழில் இரண்டையும் பிரித்து எழுத வழியே கிடையாது. தோல்சுருளில் பார்த்தாலும் ஹேயும் ஹேத்தும் ஏறத்தாழ ஒரே வடிவம். இடது காலுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தால் ஹே, ஒட்டிவிட்டால் ஹேத். லேவியராகமத்துக்கு ரப்பிகள் என்னும் யூத மத ஆசிரியர்கள் செய்த பழைய விளக்கம் ஒன்று இதைப் பிடித்துக்கொண்டு எச்சரிக்கிறது. சங்கீதம் 150இல் ‘சுவாசமுள்ள யாவும் கர்த்தரைத் துதிப்பதாக’ என்ற வரியில் ஹேயை ஹேத் ஆக்கினால் உலகத்தையே அழித்தவன் ஆவாய். லேவியராகமம் 22:32இல் ‘என் பரிசுத்த நாமத்தைக் குலைக்காதிருங்கள்’ என்ற இடத்தில் ஹேத்தை ஹே ஆக்கினாலும் அப்படியே. முதல் வரி ‘இழிவுபடுத்துவதாக’ என்று மாறிவிடும், இரண்டாவது ‘துதிக்காதிருங்கள்’ என்று மாறிவிடும். உங்கள் இணைப்பில் வந்த வரி அந்த ரப்பிகள் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

ஹ மட்டும் இல்லை. தமிழ் ‘க’வுக்குள் அரபின் நான்கு எழுத்துகள் புதைந்துபோகின்றன. இதயத்தைக் குறிக்கும் ‘கல்பு’ அடித்தொண்டைக் காஃபில் தொடங்கும். அதைச் சாதாரணக் காஃபில் தொடங்கினால் நாய். ‘கல்பு சுத்தமாக வேண்டும்’ என்று மேடையில் பேசுகிறவர் எந்தக் காஃபைச் சொன்னார் என்பதைப் பொறுத்துச் சபை முகம் மாறும். ‘அலீம்’ இன்னொன்று. குர்ஆனின் பகரா அத்தியாயத்தின் 10ஆம் வசனத்தில் வருவது துன்புறுத்தும் என்று பொருள்படும் அலீம், அலிஃபில் தொடங்குவது. அதே அத்தியாயத்தின் 29ஆம் வசனத்தில் வருவது எல்லாம் அறிந்தவன் என்ற அலீம், அய்னில் தொடங்குவது. தமிழில் மட்டும் ஓதக் கற்றவர் இரண்டையும் ஒன்றாக நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அரபுத்தமிழில் எழுதிய பழைய ஆலிம்களுக்கு, அதாவது மார்க்க அறிஞர்களுக்கு, இந்தச் சங்கடம் இருக்கவில்லை. தமிழையே அரபு எழுத்தில் எழுதியதால், இடையில் வரும் கல்பும் அலீமும் தம் சொந்த எழுத்தோடேயே நின்றன.

எபிரேயத்தைக் காதால் கேட்டு எழுதுவதும் உதவாது. இஸ்ரேலில் இன்று பேசுகிறவர்களில் பெரும்பாலானோர் ஆலெப்பையும் ஆயினையும் வேறுபடுத்துவதில்லை. ஒளியும் ‘ஓர்’, தோலும் ‘ஓர்’. முன்னது ஆலெப், பின்னது ஆயின். எழுத்துப் பெயர்களைத் தெரிந்துகொள்ள எங்கும் அலைய வேண்டாம். தமிழ் வேதாகமத்தில் 119ஆம் சங்கீதத்தைத் திறந்தால் எட்டெட்டு வசனங்களுக்கு ஒரு தலைப்பாக ஆலெப், பேத், கிமெல் என்று 22 எழுத்துகளும் வரிசையாக நிற்கும்.

எழுத்தை உறுதிசெய்த பிறகு இரு மொழிச் சொற்களையும் ஒப்பிடலாம். அதற்கு ஒழுங்கான விதிகள் உண்டு. அரபில் ஸ வரும் இடத்தில் எபிரேயத்தில் ஷ வரும். அரபின் நீண்ட ஆ எபிரேயத்தில் ஓ ஆகும். ஸலாம் அப்படித்தான் ஷாலோம் ஆகிறது. இதற்கு நேர்மாறாக அரபு ஷ சில சொற்களில் எபிரேயத்தில் ஸ ஆக ஒலிக்கும். பத்து என்பதற்கு அரபில் அஷ்ர், எபிரேயத்தில் எஸெர். நாக்கைப் பல்லிடையே வைத்துச் சொல்லும் அரபு தால் எழுத்து எபிரேயத்தில் சாயின் ஆகிவிடும். அரபில் காதுக்கு உதுன், எபிரேயத்தில் ஓஸென். பள்ளிவாசலில் அழைப்புச் சொல்லும் முஅத்தின், அந்த அழைப்பான அதான், எல்லாம் காதிலிருந்து வந்தவை. உபாகமம் 32ஆம் அதிகாரம் ‘வானங்களே, செவிகொடுங்கள்’ என்று தொடங்குகிறதல்லவா, எபிரேயத்தில் அதன் முதல் சொல் ‘ஹஅஸீனு’. அதானும் ஹஅஸீனுவும் ஒரு தாய் மக்கள். தமிழில் எழுதிப் பார்த்தால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஒலி ஒத்திருப்பது உறவும் ஆகாது, ஒலி ஒத்திராதது அந்நியமும் ஆகாது.

இந்த ஒப்பீடு ஐரோப்பியர் வந்து கற்றுக்கொடுத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். உங்கள் பகுதியிலும் அந்த வாடை அடித்தது. அல்ஜீரியாவின் தாஹெர்த்தைச் சேர்ந்த யூத அறிஞர் யெஹூதா இப்னு குரைஷ் எபிரேயம், அதன் உறவு மொழியான அரமேயம், அரபு மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். அதுவும் ஒரு கடிதம்தான், ஃபெஸ் நகரத்து யூதர்களுக்கு. எபிரேய வினைகள் எல்லாம் மூன்று மெய்களால் ஆனவை என்பதை 10ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் நிலைநாட்டிய யூத இலக்கண அறிஞர் ஹய்யூஜ் ஸ்பெயினின் குர்துபாவில் இருந்தவர். எபிரேய இலக்கணத்தை அரபு மொழியில் எழுதினார். 942இல் இறந்த யூத அறிஞர் சாதியா காவோன் யூத வேதமான தோராவை அரபில் பெயர்த்தபோது கடவுளுக்கு ‘அல்லாஹ்’ என்றே எழுதினார். அரபுக் கிறிஸ்தவர்களின் வேதாகமத்திலும் முதல் வசனத்தில் வானத்தையும் பூமியையும் படைத்தவர் அல்லாஹ்தான். அல்லாஹ் என்பது தனியொரு கூட்டத்தின் கடவுளுக்கு வைத்த பெயர் என்று எழுதுவதற்கு முன் இதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து வாய்பாடு, அதாவது வேர் சொல்லாக வார்க்கப்படும் அச்சு. மூன்று மெய்கள் வெறும் எலும்புக்கூடு. அதன்மேல் எந்த உயிர்கள், எந்த முன்னொட்டு ஏறுகின்றன என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது. ஸ்-ல்-ம் என்பதன் அடிப்படை, குறையின்றி முழுதாக இருத்தல். அதில் அமைதியைக் குறிக்கும் ஸலாம் ஒரு வாய்பாடு, இஸ்லாம் வேறொரு வாய்பாடு. ஈமான், இஹ்ராம், இஹ்சான் என்ற சொற்கள் தமிழ் முஸ்லிம்களுக்குப் பழக்கமானவை; இஸ்லாம் அந்த வரிசையில் நிற்பது. வினைச்சொல் ‘அஸ்லம’: தன்னை ஒப்படைத்தான், பணிந்தான். அதைச் செய்பவர் முஸ்லிம். ஈமான் கொண்டவர் முஃமின், இஹ்ராம் கட்டியவர் முஹ்ரிம் என்பதுபோல. ஆகவே இஸ்லாம் என்ற சொல்லின் பொருள் ஒப்படைத்தல், பணிதல். அமைதி அதன் அக்காள் பிள்ளை. ‘இஸ்லாம் என்றால் அமைதி’ என்று நல்லெண்ணத்தில்தான் எழுதுகிறார்கள், தெரியும். ஆனால் இலக்கணத்தில் ஓட்டை விட்டுவிட்டு நல்லெண்ணம் பேசினால், மறுக்க வருகிறவருக்கு அந்த ஓட்டையே போதும்.

எபிரேயத்தில் இந்த வேர் எங்கெல்லாம் போகிறது என்று பார்த்தால் ‘முழுமை’ தெளிவாகும். ‘ஷில்லேம்’ என்றால் கடனைத் தீர்த்தான், பாக்கியை முழுதாக்கினான். 50ஆம் சங்கீதத்தில் ‘உன் பொருத்தனைகளைச் செலுத்து’ என்று வருவதும், தமிழ் வேதாகமம் ‘சமாதானபலி’ என்று பெயர்த்திருக்கும் ஷெலாமீமும் இந்த வேர்தான்.

இனி, பிழை அதிகம் நடக்கும் க்-ஃப்-ர் வேருக்கு வருகிறேன். உங்கள் பகுதியில் காஃபிர் என்பதை ‘மத விரோதி’ என்று ஒரே சொல்லில் முடித்திருந்தார்கள். அரபில் இந்த வேரின் அடிப்படை மூடுதல். திருக்குர்ஆன் 57:20இல் மழை பெய்து பயிர் செழித்து ‘குஃப்ஃபார்’ மகிழ்வதாக ஓர் உவமை வருகிறது. அங்கே குஃப்ஃபார் என்றால் உழவர்கள் என்பது பல உரையாசிரியர்கள் சொல்லும் பொருள், விதையை மண்ணால் மூடுகிறவர்கள். 14:7இல் இதே வேர் நன்றி செலுத்துதலுக்கு எதிர்ச்சொல்லாக நிற்கிறது: நன்றி செலுத்தினால் இன்னும் தருவேன், ‘கஃபர்த்தும்’ என்றால் என் வேதனை கடுமையானது. பெற்ற நன்மையை மூடி மறைத்தல், நன்றி மறத்தல். அதிலிருந்துதான் இறைவனை மறுத்தல் என்ற பொருளுக்குச் சொல் நகர்ந்தது. ‘காஃபிர் என்றால் உழவன்தான்’ என்று எதிர்த்திசையில் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரியில்லை. மறுப்பவன் என்பதுதான் குர்ஆனில் அதன் பெருவழக்கு. உழவன் என்ற வழக்கு ஓரமாகத் தப்பி நிற்பது.

அதே வேரில் கஃப்பாரா இருக்கிறது. சத்தியம் செய்து முறித்தவர் செய்ய வேண்டிய பரிகாரம் அது: தம் வீட்டாருக்கு வழக்கமாகக் கொடுக்கும் தரத்தில் பத்து ஏழைகளுக்கு உணவு, அல்லது பத்துப் பேருக்கு உடை, அல்லது ஓர் அடிமையை விடுவித்தல், எதற்கும் வசதியில்லாதவர் மூன்று நாள் நோன்பு. 5:89 சொல்லும் கணக்கு இது. மறுப்புக்கும் பரிகாரத்துக்கும் ஒரே வேர் என்பது முதலில் வியப்பாக இருக்கும்.

எபிரேயத்திலும் அதே இரட்டை முகம். யோம் கிப்பூர் யூதர்களின் பாவநிவிர்த்தி நாள், திஷ்ரி மாதம் பத்தாம் தேதி, ஏறத்தாழ 25 மணி நேர உபவாசம். இறைமறுப்பாளரை ரப்பிகள் ‘கோஃபெர்’ என்றார்கள்; காஃபிருக்கு அச்சு அசலான இணை, நீண்ட ஆ ஓவாக மாறியது உள்பட. உடன்படிக்கைப் பெட்டியின் மேல் வைத்த பசும்பொன் மூடி ‘கப்போரெத்’: இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம். நம் வேதாகமம் அதைக் கிருபாசனம் என்கிறது. மொழிபெயர்ப்பு அழகானதுதான், ஆனால் அதிலிருந்து வேரைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு ‘கிப்பூர் என்றால் பாவத்தை மூடுதல்’ என்று முடித்துவிடத் தோன்றும். அங்கேதான் நிதானம் தேவை. பழைய மெசொப்பொத்தாமியாவின் அக்காதிய மொழியில் ‘குப்புரு’ என்றால் துடைத்தல், சடங்கில் தீட்டைத் துடைத்தெடுத்தல். லேவியராகமம் 16இல் ஆசாரியர் இரத்தத்தை எடுத்துச் செய்யும் காரியங்களுக்கு மூடுதலைவிடத் துடைத்தல் நன்றாகப் பொருந்துகிறது என்று பலர் கருதுகிறார்கள். இது தீராத வழக்கு. ‘மூடுதல் என்றும் துடைத்தல் என்றும் இரு கருத்து உண்டு’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆதியாகமம் 6:14இல் இன்னொரு கண்ணி இருக்கிறது. ‘கொப்பேர் மரத்தால் ஒரு பேழையை உண்டாக்கு, அதை உள்ளும் புறம்பும் கீல் பூசு’ என்று நோவாவுக்குக் கட்டளை. கீலுக்கு எபிரேயத்தில் கோஃபெர். மரத்தின் பெயர் கோஃபெர் என்றே தமிழில் ஒலிக்கும். ஆனால் கீல் தொடங்குவது கப் எழுத்தில், மரம் தொடங்குவது கிமெலில். பேழையைப் பற்றி எழுதும்போது ‘மூடும் மரத்தால் மூடினார்’ என்று விளக்கம் சொன்ன பிரசங்கங்கள் உண்டு. ஒரே வசனத்துக்குள் தமிழ் க காலை வாரிவிடும் இடம் இது.

மெய்கள் மூன்றும் அப்படியே ஒத்திருந்தாலும் பாதுகாப்பு இல்லை என்பதற்குக் கப்பர்நகூம் சாட்சி. கஃபார் நஹூம், நாகூமின் கிராமம். கப், பே, ரேஷ் என்று அதே மூன்று மெய்கள். கிராமத்தைக் குறிக்கும் இந்தச் சொல்லை அகராதிகள் தனியாகத்தான் வைக்கின்றன. எகிப்தில் கஃப்ர் என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் ஏராளம். அங்கே குடியிருப்பவர்களை ஊர்ப்பெயரை வைத்துக் காஃபிர் ஆக்கிய முகநூல் பதிவுகள்கூடக் கண்ணில் படுகின்றன. இடையில் ஒன்று: தமிழில் வழங்கும் காப்பிரி, காப்பிலி என்ற சொற்களும் காஃபிரிலிருந்து வந்தவைதான், போர்ச்சுக்கீசியர் வாய்வழியாக. இலங்கையில் புத்தளம் பக்கத்தில் இருக்கும் காப்பிரி மக்கள் கிறிஸ்தவர்கள். ஒரு சொல் பயணம் செய்தால் எங்கே போய் இறங்கும் என்று வேரைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

யோம் கிப்பூர் பத்தாம் தேதி என்று மேலே சொன்னேன். லேவியராகமத்தில் அந்தப் பத்தாம் நாளுக்கு ‘ஆஸோர்’ என்ற சொல் வருகிறது. முஹர்ரம் பத்தாம் நாள் ஆஷூரா. அஷ்ர், எஸெர் என்ற அதே பத்து. ஆஷூராவின் கடைசி ஆ அரமேய வாசனை உடையது என்று மொழியியலாளர்கள் சொல்வார்கள். நபிகளார் மதீனா வந்தபோது யூதர்கள் ஆஷூரா நோன்பு நோற்றிருந்ததாக ஹதீஸிலேயே இருக்கிறது.

இது எழுத்து, வாய்பாடு என்ற இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது சோதனைக்குக் கொண்டுவருகிறது: சொல் வீட்டில் பிறந்ததா, வந்து சேர்ந்ததா? தொழுகையான ஸலாத், கட்டாயக் கொடையான ஜக்காத் இரண்டையும் குர்ஆன் எழுத்தில் பார்த்தால் ஆ ஒலிக்கும் இடத்தில் வாவ் என்ற எழுத்து நிற்கும். அரமேயத்தில் தொழுகைக்கு ‘ஸ்லோத்தா’, நற்பேற்றுக்கு ‘ஸாகூத்தா’. அந்த வாவ் அரமேயச் சுவடு என்பது பலர் கருத்து. மூன்று மெய்க்குள் அடங்காமல் நான்கு, ஐந்தாக நீளும் சொற்களில் சந்தேகம் இன்னும் வலுக்கும். சுவர்க்கத்தைக் குறிக்கும் ஃபிர்தௌஸ் பழைய ஈரானிய மொழியில் சுற்றுச்சுவர் எடுத்த தோட்டம்; கிரேக்கம் வழியாகப் போனது நம் வேதாகமத்தில் ‘பரதீசு’, எபிரேயத்தில் ‘பர்தேஸ்’. நற்செய்தியைக் குறிக்கும் இன்ஜீல் கிரேக்கத்து ‘எவாங்கெலியோன்’ என்பதிலிருந்து வந்தது. ஸிராத் என்ற பாதைக்கு மூலம் லத்தீனத்தின் ‘ஸ்த்ராத்தா’, கல் பாவிய சாலை. குர்ஆனில் பிறமொழிச் சொல் உண்டா என்று முஸ்லிம் அறிஞர்களே வாதாடியிருக்கிறார்கள். இமாம் ஷாஃபிஈ இல்லை என்றார். 15ஆம் நூற்றாண்டில் சுயூத்தி அப்படிப்பட்ட சொற்களைத் தேடித் தொகுத்தார். ஆகவே இதைச் சொன்னால் யார் மனமும் புண்படும் என்று ஆசிரியர் குழு தயங்க வேண்டியதில்லை.

நமாஸ் பாரசீகம். பாங்கும் பாரசீகம். அரபில் ஸலாத், அதான். வேடிக்கை என்னவென்றால், ஒலியை வைத்துச் சொன்னால் தப்பு என்று இவ்வளவு சொன்ன பிறகு, ‘நமாஸ், நமஸ்காரம் இரண்டும் சொந்தம்’ என்ற வாட்ஸ்அப் செய்தி மட்டும் சரியாகப் போய்விடுகிறது. பாரசீகமும் சமஸ்கிருதமும் ஒரே குடும்பம். அந்த உறவு பாரசீகச் சொல்லோடு நின்றுவிடும்; ஸலாத்துக்கு அதில் பங்கில்லை. நோன்பு மாதத்தின் பெயரிலும் இப்படி வழிகள் தெரியும்: அரபின் ளாத் எழுத்தை இலங்கைப் பத்திரிகைகள் ரமழான் என்றும் தமிழகத்தில் பலர் ரமலான் என்றும் எழுதுகிறோம்; ரம்ஜான் உருது, பாரசீக வழியாக வந்த ஒலிப்பு. மூன்றும் இருக்கட்டும், ஒரே பக்கத்தில் மூன்றும் வேண்டாம்.

அப்பாவுக்கு வருவோம். மாற்கு 14:36இல் ‘அப்பா பிதாவே’ என்று இருக்கிறது. முதல் சொல் அரமேயம். தந்தைக்கு ‘அப்’, அதோடு விளிக்கவும் சுட்டவும் சேரும் ஆ. அடுத்த சொல் அதன் கிரேக்க விளக்கத்தின் தமிழாக்கம். எபிரேயத்தில் ஆவ், அரபில் அபு. குடும்பம் முழுக்க இருக்கிறது, தமிழிலிருந்து இரவல் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. குழந்தையின் உதடு முதலில் ஒட்டிப் பிரியும் ஒலிகளில் அம்மா, அப்பா போன்ற சொற்கள் உலகெங்கும் தனித்தனியாக உருவாகின்றன. தமிழுக்கும் எபிரேயத்துக்கும் தொடர்பு காட்டியே ஆக வேண்டுமென்றால் 1 இராஜாக்கள் 10:22க்குப் போங்கள். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களுக்கு அங்கே ‘துக்கிய்யீம்’ என்று இருக்கிறது. கால்டுவெல் உள்பட பலர் அதைத் தோகையோடு இணைத்திருக்கிறார்கள். சரக்கோடு போன சொல். அதற்கு வணிக வழி இருக்கிறது, அப்பாவுக்கு இல்லை.

கடைசியாக, வேர் எல்லாம் சரியாக இருந்தும் கதை தப்பாகிவிடும் வகை. நரகத்தைக் குறிக்கும் ஜஹன்னம் எருசலேமின் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்தது என்று எழுதியிருந்தீர்கள். மிகச் சரி, எபிரேயத்தில் கே ஹின்னோம். ‘அங்கே நகரத்துக் குப்பை ஓயாமல் எரிந்துகொண்டிருந்ததால்’ என்று சேர்த்த வரிக்குத்தான் ஆதாரம் இல்லை. அந்தச் செய்தி எழுத்தில் தெரியவருவது 1200ஐ ஒட்டி, பிரான்சின் நர்போனில் வாழ்ந்த யூத உரையாசிரியர் தாவீது கிம்ஹியின் சங்கீத உரையில். எரேமியா 7:31 சொல்லும் காரணம் இன்னும் கொடியது: அங்கே பிள்ளைகளைத் தீயிலிட்டார்கள். மூலநூலே காரணம் சொல்லியிருக்கும்போது குப்பைமேடு எதற்கு?

யெகோவாவும் இப்படித்தான். யூதர்கள் நான்கெழுத்து இறைப்பெயரை வாசிக்காமல் ‘அதோனாய்’ என்பார்கள். அதை நினைவூட்ட, எபிரேய வேதத்துக்கு உயிர்க்குறிகள் இட்ட திபேரியாவின் மசோரெத்தியர் என்னும் அறிஞர்கள் அதோனாயின் உயிர்க்குறிகளை அந்த நான்கு மெய்களின்மேல் வைத்தார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்தால் யெகோவா. ஒரு சொல்லின் உடம்பில் இன்னொன்றின் உயிர். நம் வேதாகமம் பெரும்பாலும் ‘கர்த்தர்’ என்று எழுதுவது யூத வாசிப்பு மரபைத்தான் பின்பற்றுகிறது. யாத்திராகமம் 6:3 போன்ற சில இடங்களில் மட்டும் யேகோவா வெளியே வருகிறது. ‘யெகோவாதான் மோசே உச்சரித்த ஒலி’ என்று அடுத்த வாரம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியை நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் மெய்யெழுத்துகளின் பெயரையும் (ஹேயா ஹேத்தா, எந்தக் காஃப்), மூல மொழியையும் அடைப்புக்குறிக்குள் தர முடியும். ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது. ஊரில் எந்தப் பள்ளிவாசல் ஆலிமும், எபிரேயம் படித்த எந்த இறையியல் கல்லூரி ஆசிரியரும் அதை இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துக் கொடுப்பார்கள். ஹலால் வரிக்கும் நமாஸ் வரிக்கும் திருத்தம் அதே பகுதியில், அதே எழுத்தளவில் வர வேண்டும். இஸ்லாம் என்ற சொல்லுக்கு ‘ஒப்படைத்தல், பணிதல், ஸலாம் என்ற சொல்லோடு ஒரே வேர்’ என்று மாற்றினால் போதுமானது.

இப்படிக்கு,
செமித்திய மொழிகள் பயிற்றுவிக்கும் வாசகர்,
திருநெல்வேலி